டோனட்ஸுக்கு விழும் கைத்தட்டல் இசைக்கா, சாவுக்கா?

காட்பாடிக்காரன்:
அமெரிக்க ஹிப்-ஹாப் இசைக்காரர் ஜே டில்லாவின் 'டோனட்ஸ்' ஆல்பத்தை ஊரே தலையில் வைத்து ஆடுகிறதே என்று நேற்று காலை காட்பாடியில் ரயில் ஏறியதும் காதில் மாட்டினேன். 31 துண்டு, 43 நிமிடம், ராப் பாட ஆளே இல்லை. அரக்கோணம் வருவதற்குள் முடிந்துவிட்டது. ஒன்று பிடிக்க ஆரம்பிக்கும்போதே வெட்டிவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடுகிறார் மனுஷன், நடுநடுவே சைரன் வேறு. 2006 பிப்ரவரி 7, அவருடைய 32வது பிறந்தநாளில் வெளியாகியிருக்கிறது, மூன்றே நாளில் ஆள் போய்விட்டார். இசை விமர்சனத் தளமான பிட்ச்ஃபோர்க் அப்போது பத்துக்குக் கொடுத்தது 7.9, 2013ல் மறுவெளியீட்டுக்கு முழுசாக 10. அதே இசைதானே, மார்க் மட்டும் எப்படி ஏறியது? அனுதாப மார்க்கா?

சத்துவாச்சாரி77:
அனுதாபம் கொஞ்சம் உண்டு ப்ரோ, மறுக்க மாட்டேன். முழுதும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் செய்தார் என்ற கதையைச் சொல்லிச் சொல்லியே பலர் கண்ணீரோடு கேட்டார்கள். ஆனால் டான் சார்னஸ் 2022ல் எழுதிய டில்லாவின் வாழ்க்கை வரலாற்றைப் படித்தால், பெரும்பகுதி அதற்கு முன்பே செய்து வைத்திருந்த பீட் டேப் (ராப்புக்கான பின்னணி இசைத் தொகுப்பு) என்று தெரியும். 2006ல் பலர் காதுக்கு இது ராப்பர்கள் வந்து எடுத்துக்கொள்ள வேண்டிய சரக்கு மாதிரிதான் கேட்டிருக்கும், ராப்பர் கோஸ்ட்ஃபேஸ் கில்லா அந்த வருஷமே இதிலிருந்து பீட் எடுத்துப் பாடினார். பாட்டே இல்லாமல் இதைத் தனியாகக் கேட்கப் பழக ஜனங்களுக்குச் சில வருஷம் பிடித்தது. அப்புறம், 7.9 ஒன்றும் திட்டு இல்லையே!

ஆற்காடு கேசட்:
தம்பி, எங்க நைனா பாட்டு பதிந்து தரும் கடை வைத்திருந்தார். 90 கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம், கடைசிப் பாட்டு பாதியில் அறுந்தால் வாங்கியவர் மறுநாள் காலையிலேயே கடைக்கு வந்து சண்டை போடுவார். அதைப் பார்த்து வளர்ந்த எனக்கும் இந்த ஆல்பம் முதலில் முள்ளாகத்தான் குத்தியது. நீ இதில் 'டோன்ட் க்ரை' துண்டை மட்டும் தனியாகக் கேள். எஸ்கார்ட்ஸ் குழுவின் பழைய சோல் பாட்டைக் கொஞ்ச நேரம் அப்படியே ஓடவிடுவார், அப்புறம் அதையே பொடிப்பொடியாக நறுக்கி வேறு வரிசையில் கோப்பார். துணியை நம் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல்லிவிட்டு, நம் கண் முன்னாலேயே கத்தரி வைக்கிற டெய்லர் மாதிரி. சாவு தெரியாதவன் கேட்டாலும் அந்த இடம் பிடிக்கும்.

குடியாத்தம் ஹெட்போன்:
எனக்கு டிஜே ஷேடோ 1996ல் செய்த ஆல்பம்தான் பிடிக்கும். அதுவும் சாம்பிள்தான், அதாவது பழைய பாட்டுகளிலிருந்து வெட்டி ஒட்டியதுதான், ஆனால் ஒவ்வொன்றும் நின்று நிதானமாக வளரும். டில்லாவோடு நமக்கு மூச்சு வாங்குகிறது.

காட்பாடிக்காரன்:
ஆற்காடு அண்ணா சொன்னதைக் கேட்டேன், அந்தக் கத்தரி இடம் சரிதான். முதல் துண்டுக்கு 'அவுட்ரோ', கடைசித் துண்டுக்கு 'இன்ட்ரோ' என்று பெயர் வைத்திருப்பதும் அப்போதுதான் கண்ணில் பட்டது. இன்று திரும்பும்போது ரிப்பீட் போட்டுவிட்டேன். வாலாஜா ரோடு தாண்டியபோது எது முடிந்தது, எது தொடங்கியது என்றே பிடிபடவில்லை. என் மார்க் 8. சைரனுக்குத்தான் மீதியைப் பிடித்துக்கொண்டேன்.