டிப்ளமோவை வைத்து ஐடி நிறுவனம் மாற வழி உண்டா?

நண்பர்களே, நான் கம்ப்யூட்டர் டிப்ளமோ. 2021 முதல் கோவையில் ஒரு சின்ன நிறுவனத்தில் பைத்தான், ஜாங்கோவில் புரோகிராம் எழுதும் வேலை. பெரிய நிறுவனத்துக்கு மாற முடியவில்லை. ஆன்லைன் படிவத்தில் பிஇ, பிஎஸ்சி, பிசிஏ என்றுதான் கட்டம் இருக்கிறது. அதில் ஒன்றைத் தொடாமல் அடுத்த பக்கமே திறக்காது. கிட்ஹப் (எழுதிய புரோகிராமைப் போட்டுக் காட்டும் தளம்), கிளவுட் சான்றிதழ், தெரிந்தவர் சிபாரிசு எல்லாம் பார்த்தாச்சு. ஓரிடத்தில் டெக்னிக்கல் ரவுண்டு தேறியும், ஹெச்ஆர் டிகிரி கேட்டு நிறுத்திவிட்டார். வேலை தெரிந்தவனை இப்படித் திருப்பி அனுப்புவது நியாயமே இல்லை.

வீட்டுக் கடன் இருப்பதால் வேலையை விட முடியாது. அதனால் முழுநேரம் கல்லூரி போகவேண்டிய நேரடி இரண்டாம் ஆண்டு பிஇ சரிவராது. இக்னோ (திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) பிசிஏ, அப்புறம் ஐஐடி மெட்ராஸ் ஆன்லைன் பிஎஸ் பட்டப்படிப்பு (நடுவில் பிஎஸ்சியோடு வெளியேறலாம்) இரண்டும் யோசனையில் உள்ளன. வேலையோடு இவற்றில் ஒன்றை முடித்தவர்களே, நிறுவனம் மாறும்போது ஹெச்ஆர் அந்தப் பட்டத்தை ஏற்றுக்கொண்டார்களா?