இடது காது மட்டும் நழுவுகிறது: கஸ்டம் இன்-இயர் வாங்கலாமா, இருப்பதை வைத்தே ஒப்பேற்றலாமா?

கொழிஞ்சாம்பாறை கீபோர்டு:
வணக்கம். ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசிக்கிறேன், இடையிடையே கோரஸும் பாடுவேன். இந்தப் பாலக்காட்டுப் பக்கம் கானமேளா என்பார்கள், பொள்ளாச்சி தாண்டினால் இன்னிசைக் கச்சேரி என்பார்கள், இரண்டும் ஒன்றுதான். தை பிறந்தால் சித்திரை முடிய ஏதாவது ஒரு கோயில் மைதானத்தில்தான் ராத்திரி கழியும்.

மேடையில் எங்கள் வாசிப்பை நாங்களே கேட்க காதுக்குள் செருகுகிற இயர்போன்தான் இன்-இயர். என்னிடம் இருப்பது எல்லார் காதுக்கும் பொதுவாகச் செய்த சாதாரண யுனிவர்சல், உள்ளே ஒலி எழுப்பும் டிரைவர் ஒன்றே ஒன்று, காதில் நுழையும் முனைக்குப் பெட்டியில் கூட வந்த நடு சைஸ் சிலிகான் டிப். வலது காதில் கல் மாதிரி நிற்கிறது. இடது காதில் முக்கால் மணி நேரம் கழித்து வியர்வை இறங்கினதும் நழுவுகிறது, அதிலும் கோரஸுக்கு வாயைத் திறந்தால் போச்சு, பேஸ் கிட்டார் மேடையை விட்டு இறங்கிப் போய்விட்ட மாதிரி ஆகிவிடுகிறது. போன வாரம் பக்கத்து மைதானத்தில் செண்டை மேளம் ஆரம்பித்துவிட்டார்கள், எனக்கு எங்கள் டிரம்ஸே கேட்கவில்லை. இடுப்பில் மாட்டும் ரிசீவர் பெட்டி, அந்த பெல்ட்பேக்கில் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனேன். வீட்டுக்கு வந்து படுத்தால் காதுக்குள் கொய்யென்று ஒரு சத்தம், மறுநாள் மதியம் வரைக்கும் நிற்கவில்லை.

காது அளவெடுத்துச் செய்யும் கஸ்டத்துக்கு விசாரித்தேன், 38,000 ரூபாய் சொன்னார்கள். எத்தனை மேடைக் கூலி என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு போனை வைத்துவிட்டேன். வாங்கித்தான் ஆக வேண்டுமா?

வாளையார் மிக்ஸர்காரன்:
தம்பி, பணத்தை எடுக்கிறதுக்கு முன்னால் கோளாறு எங்கே என்று பாருங்கள். இடது பீஸை வலது காதில் போடுங்கள், வலதை இடதில். ஒயர் திரும்பிக்கொண்டு கோணலாக நிற்கும், இரண்டு நிமிஷத்துக்குப் பரவாயில்லை. பேஸ், அதாவது அடி ஒலி, நிறைய இருக்கிற பாட்டு ஒன்றைப் போட்டு வாயைத் திறந்து மூடுங்கள். கோளாறு பீஸோடு சேர்ந்து வலது பக்கம் வந்தால் பீஸில் குற்றம். இடது காதிலேயே தங்கிவிட்டால் குற்றம் காதில்.

அப்புறம் மொபைல் டார்ச் அடித்து இயர்போனின் மூக்கில், அதாவது டிப் மாட்டுகிற குழாய் முனையில், இருக்கிற வலையைப் பாருங்கள். அதில் குறும்பி அடைத்துக்கொண்டு, "டிரைவர் போச்சு" என்று புதுசு வாங்கினவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஈர டிஷ்யூவைத் திணிக்காதீர்கள், வலையைத் தரைப் பக்கம் பார்க்க வைத்துக் காய்ந்த மெல்லிய பிரஷால் தட்டினால் போதும்.

இன்னொன்று, இரண்டு காதுக்கும் ஒரே சைஸ் டிப் போட வேண்டும் என்று யார் சொன்னது? இடதுக்குப் பெரியதும் வலதுக்கு நடு சைஸும் போட்டுப் பாருங்கள். மாட்டும்போது எதிர்க் கையைத் தலைக்கு மேலே கொண்டுவந்து காதை மேலும் பின்னும் இழுத்துப் பிடியுங்கள், துவாரம் நேராகும், டிப் ஆழமாக உட்காரும். பலர் வெறுமனே செருகுவதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

ஒன்று மட்டும் வேண்டாம். நழுவுகிறது என்று இடதைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஒற்றைக் காதில் வாசிக்காதீர்கள். இரண்டு காதிலும் சேர்ந்து கிடைத்த சத்தம் ஒற்றைக் காதில் போதாது, தானாகவே கை வால்யூமுக்குப் போகும், திறந்த காதில் மேடைச் சத்தம் முழுசாக விழும். இரண்டு காதும் போகிற வழி அது.

கொழிஞ்சாம்பாறை கீபோர்டு:
அண்ணா, மாற்றிப் போட்டுப் பார்த்தேன். கோளாறு இடது காதிலேயே நிற்கிறது. வலை சுத்தமாகத்தான் இருந்தது. பெரிய டிப் போட்டதும் பேஸ் வந்துவிட்டது, ஆனால் ஒரு மணி நேரம் போனால் காது உள்ளே நோகிறது, கழற்றினால் சிவந்திருக்கிறது.

சித்தூர் டிரம்ஸ்:
நசுக்கினால் சுருங்கி மெல்ல உப்புகிற ஃபோம் டிப் போடு தம்பி, அதற்கு மேல் பேச்சே இல்லை. விரலால் நசுக்கி மெலிசாக்கி உள்ளே விட்டு, உப்பும் வரைக்கும் அரை நிமிஷம் விரலை எடுக்காமல் பிடிக்க வேண்டும். பாதிப் பேர் அந்த அரை நிமிஷம் பொறுக்காமல்தான் "ஃபோம் சரியில்லை" என்கிறார்கள். சரியாக உட்கார்ந்தால் என் ஸ்நேர் டிரம் எனக்கே தூரத்தில் கேட்கிற மாதிரி இருக்கும். உச்ச ஒலி ஒரு துளி மங்கும், வியர்வையில் ஊறி சில வாரத்தில் பிய்ந்துவிடும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அது பெட்ரோல் செலவு மாதிரி.

கஸ்டம் தப்பு என்று சொல்லவில்லை. அதில் பேர்போன கம்பெனி ஒன்று தொடங்கினதே எங்களை மாதிரி ஒரு டிரம்ஸ்காரருக்காகத்தான். 1995இல் வான் ஹேலன் குழுவின் டிரம்மர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காக மேடையில் வாசிப்பவர்களுக்குக் கேட்கும் ஒலியைக் கவனித்த அவர்களுடைய மானிட்டர் இன்ஜினியர் ஜெரி ஹார்வி செய்து கொடுத்தது, அல்டிமேட் இயர்ஸ் கம்பெனி அதிலிருந்து கிளம்பினதுதான். ஆனால் அது உன் காதுக்கு மட்டும் பொருந்தும் சொத்து. நாளைக்குப் பணமுடை வந்தால் யுனிவர்சலைப் பாதி விலைக்காவது தள்ளிவிடலாம், கஸ்டத்தை யார் காதில் வைப்பார்கள்?

மீனாட்சிபுரம் பாடகி:
நான் கஸ்டம்தான் போடுகிறேன், அதனால் கெட்டதை முதலில் சொல்கிறேன். எனக்கு முதல் தடவை மோல்டு, அதாவது காது அச்சு, எடுத்தவர் வாயை மூடச் சொல்லி எடுத்துவிட்டார். பெட்டி வந்தது, கண்ணாடி மாதிரி அக்ரிலிக், உள்ளே டிரைவர்கள் தெரியும், அவ்வளவு அழகு. வீட்டில் உட்கார்ந்து கேட்டால் சொர்க்கம். மேடையில் மேல் ஸ்தாயிக்கு "ஆ" என்று வாயைத் திறந்த நொடியில் வலது பக்கம் காற்று புகுந்து பேஸ் மொத்தமும் காலி. தாடை இறங்கும்போது காதுத் துவாரத்தின் வடிவமே மாறுகிறது, கடினமான அக்ரிலிக் அதோடு சேர்ந்து அசையாது. திருப்பி அனுப்பி, மறுபடி மோல்டு எடுத்து, மூன்று வாரம் சீசன் நடுவில் இரவல் இயர்போனில் பாடினேன். இரண்டாவது தடவை பல்லுக்கு நடுவில் ஒரு கட்டை கொடுத்துக் கடித்துக்கொள்ளச் சொல்லி எடுத்தார்கள். அதிலிருந்து நாலு மணி நேரம் போட்டாலும் இருக்கிறதே தெரியாது, நழுவுகிற பேச்சும் இல்லை.

தம்பி, நீ கோரஸ் பாடுகிறவன். எது செய்தாலும் வாயைத் திறந்து அளவெடுக்கச் சொல். இன்னொன்று, காது முழுக்க அடைத்ததும் உன் குரல் உனக்கே குடத்துக்குள் பேசுகிற மாதிரி முழங்கும். முதல் இரண்டு மேடை சிரமம், ஆழமாகப் போகிற மோல்டில் அது குறையும்.

கோவை காதுப் பரிசோதனை:
நான் ஆடியாலஜிஸ்ட், கேட்கும் திறனைச் சோதிப்பவர், பாட்டைப் பற்றித் தெரியாது, காதைப் பற்றிச் சொல்கிறேன். மறுநாள் மதியம் வரை கொய்யென்று கேட்டது என்று எழுதியிருந்தீர்களே, இங்கே யாரும் அதைக் கவனிக்கவில்லை. கஸ்டமா யுனிவர்சலா என்பதை விட எனக்கு அதுதான் முக்கியம். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் நியோஷ் அமைப்பின் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும், 100 டெசிபலில் பதினைந்து நிமிஷம்தான். கச்சேரி மேடையில் செண்டையும் சேர்ந்தால் அந்தப் பதினைந்து நிமிஷம் எப்போது முடிந்தது என்றே தெரியாது. டிப் சரியாக அடைத்தால் வெளிச் சத்தம் குறையும், அப்போது உள்ளே வால்யூமை இறக்க வேண்டும். இறக்காவிட்டால் எவ்வளவு விலைக்கு வாங்கினாலும் பயன் இல்லை.

டிப் வாங்குவதற்கு முன் காதுக்குள் ஒருவர் பார்க்கட்டும். குறும்பி இருந்தால் இன்-இயர் அதை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். பட்ஸ் போட்டுக் குடைய வேண்டாம். பிறகு இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, இதுவரை யாரும் சொல்லவில்லை. இப்போது இருக்கிற இயர்போனையே வைத்துக்கொண்டு, உங்கள் காது அச்சில் மெத்தென்ற சிலிகான் உறை மட்டும் செய்து அதன் மூக்கில் மாட்டிக்கொள்ளலாம். இயர்போன் கெட்டால் மூக்கு அதே அளவுள்ள இன்னொன்றில் மாட்டலாம். சிலிகான் தாடையோடு சேர்ந்து கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும்.

எங்கே போனாலும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு உள்ளவரா என்று கேளுங்கள். துவாரத்தின் இரண்டாவது வளைவு தாண்டி அச்சு எடுக்க வேண்டும், அதற்கு முன் செவிப்பறையைக் காக்க நூல் கட்டின சின்னப் பஞ்சை உள்ளே வைக்க வேண்டும். பஞ்சு வைக்காமல் அச்செடுக்கும் பசையை விட வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கொழிஞ்சாம்பாறை கீபோர்டு:
எல்லோருக்கும் நன்றி. நேற்று கோயம்புத்தூர் போய்விட்டு வந்தேன். வேலந்தாவளம் வழியாக பஸ், ஜன்னலோரம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முகத்தில் அறைந்தது, இதே காற்று மேடையில் மைக்கில் புகுந்தால் என்ன பாடு என்று நினைத்துக்கொண்டே போனேன்.

இடது காதில் குறும்பி இருந்தது. மிளகு அளவுக்குக் கறுப்பாக, எடுத்துத் தட்டில் வைத்துக் காட்டினார்கள், எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. கேட்கும் திறன் சோதனையும் செய்தார்கள், இப்போதைக்குப் பயமில்லை, ஆறு மாதத்தில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

உறைதான் செய்யக் கொடுத்தேன், கஸ்டத்துக்குச் சொன்ன விலையில் நாலில் ஒரு பங்கு கூட ஆகவில்லை. பஞ்சு வைத்தார்கள், நூல் வெளியே தொங்கியது. பிறகு சில்லென்று பசை உள்ளே ஏறியது, கிணற்றுக்குள் முங்கின மாதிரி உலகமே அடங்கிவிட்டது. பாடகி அக்கா சொன்னபடி நானே கேட்டுக் கட்டையைக் கடித்துக்கொண்டேன், எச்சில் வழிந்ததுதான் மிச்சம். ஐந்து நிமிஷம் கழித்து உருவி எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். வலது மோல்டு ஒழுங்காக இருக்கிறது. இடது, இஞ்சித் துண்டு மாதிரி வாய் அகன்று உள்ளே போய்ச் சட்டென்று திரும்புகிறது. இரண்டும் ஒரே ஆள் காதா என்று இருந்தது. பெரிய டிப் ஏன் நொந்தது என்று அப்போதுதான் புரிந்தது, வாசலுக்குச் சரியாக இருந்தது உள்ளே திருப்பத்தில் முட்டியிருக்கிறது.

உறை வர இரண்டு வாரம் ஆகும். அதற்குள் நெம்மாரா பக்கம் ஒரு மேடை இருக்கிறது. அதுவரை என்ன செய்ய?

சித்தூர் டிரம்ஸ்:
ஃபோம். அரை நிமிஷம்.

வாளையார் மிக்ஸர்காரன்:
இடதில் மட்டும் ஃபோம், வலதில் இருக்கிறதே இருக்கட்டும், அதைக் கெடுக்காதீர்கள். ஒயரைக் காதுக்கு மேலே சுற்றிக் கழுத்துக்குப் பின்னால் சட்டைக் காலரில் கிளிப் போடுங்கள், கை வீசும்போது இழுக்காது. துணிப்பையில் இன்னொரு ஜோடி ஃபோம் காய்ந்ததாக வைத்திருங்கள், இடைவேளையில் மாற்றிவிடலாம். அப்புறம் அன்றைக்கு மிக்ஸரில் யார் இருக்கிறாரோ அவரிடம் உங்கள் காதுக்கு வரும் மானிட்டர் ஒலியில் பேஸையும் கிக் டிரம்மையும் மட்டும் கொஞ்சம் தூக்கி, மற்றதெல்லாம் இறக்கச் சொல்லுங்கள். பெல்ட்பேக் குமிழ் மணி பன்னிரண்டில் நிற்கிற இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள், செண்டை வந்தாலும் அதைத் தாண்டக் கூடாது.

கொழிஞ்சாம்பாறை கீபோர்டு:
டேப் ஒட்டியாச்சு அண்ணா.