கூத்துப் பதிவுகள் பெயர் நீக்கப்பட்டு வேறு பக்கங்களில் வெளிவருகின்றன: எங்கெங்கே என்று கண்டறிவது எப்படி?

கேள்வி – செய்யாற்றங்கரை

வணக்கம். செய்யாறு, வந்தவாசி வட்டாரங்களில் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் நடைபெறும் தெருக்கூத்தை ஆறு ஆண்டுகளாக ஒளிப்பதிவு செய்து யூடியூபில் வெளியிட்டு வருகிறேன். வாத்தியாரிடமும் ஜமாவில் (கூத்துக் குழுவில்) உள்ள மற்றவர்களிடமும் ஒப்புதல் பெற்ற பிறகே கேமராவை நிறுத்துவேன். கூத்தைத் தொடங்கி வைக்கும் கட்டியக்காரன் வந்தது முதல் விடியும் வரை எடுத்து, வேடம் கட்டியவர், முகவீணை வாசித்தவர், பின்பாட்டுப் பாடியவர் என்று அனைவரின் பெயரையும் குறிப்பில் எழுதுவது என் வழக்கம்.

சென்ற மாதம் உறவினர் ஒருவர், முகநூலில் பார்த்ததாகச் சொல்லி ஒரு காணொளியை அனுப்பினார். அது நான் எடுத்த அருச்சுனன் தபசு. முழு இரவுப் பதிவிலிருந்து நான்கு நிமிடத்தை வெட்டி, ஓரங்களைக் கத்தரித்து, தங்கள் முத்திரையைப் பொறித்து வெளியிட்டிருந்தார்கள். தபசு மரம் (அருச்சுனன் தவம் செய்ய ஏறும் உயரமான கம்பம்) ஏறிய கலைஞரின் பெயர் எங்குமே இல்லை. அறுபது வயதைக் கடந்த அவர் தம் பெயர் திரையில் வருவதைப் பேரனிடம் காட்டி மகிழ்ந்தவர் என்பதால், இதை என்னால் எளிதாகக் கடந்து போக முடியவில்லை.

ஒன்று தற்செயலாகக் கண்ணில் பட்டது என்றால் இன்னும் பல இருக்கும். என் சேனல் வருவாய்த் திட்டத்தில் சேரும் அளவுக்குப் பெரியதன்று. மற்றவற்றை எங்கே, எப்படித் தேடுவது என்று அனுபவம் உள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி – படத்தொகுப்பாளன்

வணக்கம் ஐயா. யூடியூபில் இருப்பதை முதலில் சொல்கிறேன். பதிவேற்றப்படும் காணொளிகளைத் தானே ஒப்பிட்டு நகல்களைக் கண்டறியும், 2007 முதல் இயங்கும் கன்டென்ட் ஐடி, இசை நிறுவனங்கள், திரைப்பட நிறுவனங்கள் போலப் பெருந்தொகையான படைப்புகளுக்குத் தனியுரிமை உடையவர்களுக்கே கிடைக்கும். நம்மைப் போன்றவர்களுக்கு உதவக்கூடியது 2018இல் வந்த காப்பிரைட் மேட்ச் டூல். வருவாய்த் திட்டத்தில் இல்லாதவர்களும் நீக்கக் கோரிக்கைப் படிவத்தில் ஒரு கோரிக்கையை அளித்து அது ஏற்கப்பட்டுவிட்டால், அதன்பின் இந்தக் கருவி அவர்களுக்கும் கிடைக்கிறது. ஆகவே யூடியூபிலேயே ஐயத்துக்கு இடமில்லாத ஒரு நகலைக் கண்டுபிடித்து, அதற்கு முதல் கோரிக்கையை அனுப்புங்கள்.

ஆனால் அந்தக் கருவி முழுமையான, அல்லது ஏறத்தாழ முழுமையான மறுபதிவுகளைத் தேடுவதற்காக அமைந்தது. அதுவும் நீங்கள் முதலில் பதிவேற்றியவராக இருக்க வேண்டும். இரவு முழுவதும் நடந்த கூத்திலிருந்து வெட்டிய நான்கு நிமிடம் அதில் சிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். துண்டுகளை நாமேதான் தேட வேண்டும், அதற்குப் பொறுமை வேண்டும்.

தேடலில் பலரும் தவறுவது எழுத்துக்கூட்டலில்தான். நீங்கள் அருச்சுனன் என்று எழுதுகிறீர்கள். எடுத்தவர் அர்ஜுனன் என்றோ அர்ச்சுனன் என்றோ எழுதியிருப்பார், தபசைத் தவசு அல்லது தவம் ஆக்கியிருப்பார், பெரும்பாலும் எல்லாவற்றையும் ஆங்கில எழுத்துகளில் நினைத்தபடி எழுதியிருப்பார். கூத்து என்ற ஒரே சொல்லை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்த வடிவங்கள் ஒவ்வொன்றையும் ஊர்ப் பெயரோடு சேர்த்து, கூகுளின் காணொளிப் பிரிவிலும் யூடியூபிலும் முகநூலிலும் தனித்தனியாகத் தேடுங்கள். உங்கள் குறிப்பில் உள்ள ஒரு முழு வாக்கியத்தை இரட்டை மேற்கோளுக்குள் இட்டுத் தேடினால், குறிப்பையும் சேர்த்து நகலெடுத்தவர்கள் உடனே அகப்படுவார்கள்.

அடுத்தது படத்தைக் கொண்டு தேடுவது. கூகுள் லென்ஸ், டின்ஐ, யாண்டெக்ஸ் மூன்றும் மூன்று விதமாகத் தேடுகின்றன என்பதால் மூன்றையும் பயன்படுத்துங்கள். செய்தியாளர்கள் பயன்படுத்தும் இன்விட் என்ற உலாவி நீட்சி, ஒரு காணொளியின் முக்கியக் காட்சிகளைத் தானே பிரித்துத் தரும். இங்கே ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: தேடுபொறிகள் பெரும்பாலும் காணொளியின் முகப்புப் படத்தைத்தான் அறியும், உள்ளே ஓடும் ஒவ்வொரு காட்சியையும் அறியாது. எனவே உங்களுக்குப் பிடித்த காட்சியை விட்டுவிட்டு, எடுத்தவர் எதை முகப்பாக வைத்திருப்பார் என்று எண்ணிப் பார்த்து அந்தக் காட்சியைக் கொடுங்கள். கிரீடமும் புஜக்கட்டையும் (தோளில் அணியும் மர அணி) தெரியும் நெருக்கமான முகமாக அது இருக்க வாய்ப்பு மிகுதி. ஆனால் இத்தகைய மர அணிகள் பூண்ட கட்டை வேடங்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் வேறு ஜமாக்களின் படங்களும் வந்து குவியும். பின்னால் தொங்கும் பதாகை, திரைச்சீலையின் நிறம், விளக்குக் கம்பம் ஆகியவற்றை வைத்து உங்களுடையதைப் பிரித்தறியலாம்.

கருவிகளிடமிருந்து தப்புவதற்காகச் சிலர் படத்தை இடவலமாகத் திருப்புகிறார்கள். உங்கள் காட்சியையும் அதேபோல் திருப்பி இன்னொரு முறை தேடுங்கள். பதாகையின் எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறித் தெரிவதும், மிருதங்கக்காரர் இடக்கைக்காரராக மாறியிருப்பதும் அதற்கு அடையாளம்.

வாட்ஸ்அப்பில் சுற்றுவதை வெளியிலிருந்து தேட வழியில்லை. அதற்காக நேரத்தைச் செலவிட வேண்டாம். டெலிகிராமில் பொதுச் சேனல்களை மட்டும் தேடலாம்.

மறுமொழி – தென்னார்க்காட்டு வழக்கறிஞர்

தேடும் முறை மேலே நன்றாகச் சொல்லப்பட்டிருக்கிறது. கண்டுபிடித்த பிறகு செய்ய வேண்டியதைப் பற்றி நான் சிறிது கூறுகிறேன்.

நகலைக் கண்டவுடன் அதன் உரிமையாளருக்குச் செய்தி அனுப்பாதீர்கள். முகவரி, நாள், பார்வை எண்ணிக்கை, விளம்பரம் வருகிறதா என்பது ஆகியவை தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்ட பிறகே அடுத்த அடியை எடுத்து வையுங்கள். மெமரி கார்டிலிருந்து இறக்கிய மூலக் கோப்பை அழிக்காதீர்கள். நீங்கள் வெளியிடாத தொடக்க நிமிடங்கள் அதில் இருந்தால், பதிவு உங்களுடையது என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

அதே இரவில் இருபது பேர் கைப்பேசியில் எடுத்திருப்பார்கள் என்பதையும் கருதுங்கள். பாட்டும் அடவும் ஒன்றாகவே இருக்கும். வேறு கோணத்தில் எடுத்தவரின் பதிவு உங்களுடையதன்று; பாரதக் கதை எவருக்கும் தனிச் சொத்தும் அன்று. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, முயற்சியும் பொறுப்பும் ஏற்று ஒரு பதிவை உருவாக்கியவர் என்ற முறையில் உங்களுக்கு உரிமை உண்டு, அதற்குப் பதிவுச் சான்றிதழ் கட்டாயம் இல்லை. ஆனால் அந்த உரிமை உங்கள் பதிவோடு நின்றுவிடும். தவறான கோரிக்கை அளித்தால் அதன் விளைவு உங்களைச் சேரும்.

நீங்கள் வருந்தும் பெயர் நீக்கத்துக்கும் அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. நிகழ்த்துகலைஞர் என்ற வரையறையில் நடிகர், பாடகர், இசைக்கலைஞரோடு பாம்பாட்டியும் அடங்குவார். 2012இல் சேர்க்கப்பட்ட 38பி பிரிவு, தம் நிகழ்ச்சியில் தம்மை இன்னார் என்று அடையாளம் காட்டக் கோரும் உரிமையைக் கலைஞருக்கே தருகிறது. எனவே தபசு மரம் ஏறிய பெரியவரும் தம் பெயரில் எழுதிக் கேட்கலாம்.

2013ஆம் ஆண்டின் பதிப்புரிமை விதிகளில் 75ஆம் விதிப்படி எழுத்தில் முறையிட்டால், தளம் 36 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுத்து 21 நாள் அணுகலை நிறுத்த வேண்டும். ஆனால் அந்தக் கால அளவுக்குள் வழக்குத் தொடுத்து நீதிமன்ற ஆணையைக் கொண்டுவருவதாக நீங்கள் உறுதியளிக்க வேண்டியிருக்கும் என்பதால், தளத்தின் சொந்தப் படிவத்தை முதலில் பயன்படுத்துவதே நல்லது.

மறுமொழி – பின்பாட்டுக்காரர் மகள்

என் தந்தையார் ஜமாவில் நாற்பது ஆண்டுகள் பாடியவர். உங்கள் உழைப்பை மதிக்கிறேன். ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு: கண்டுபிடித்த எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நீக்கச் சொல்லாதீர்கள். கலைஞரின் பிள்ளைகளும் ஊர்க்காரர்களும் அன்பினால் துண்டு வெட்டிப் போடுவார்கள். அடுத்த பருவத்துக்கு எங்களுக்கு ஆட்டம் பேச வந்த சிலர், அத்தகைய துண்டைப் பார்த்துத்தான் வந்தோம் என்று கூறியிருக்கிறார்கள். பெயரைச் சேர்க்கச் சொன்னால் அவர்கள் மகிழ்ந்து சேர்ப்பார்கள். பெயரை அழித்துத் தம் முத்திரையைப் பொறித்துப் பணம் ஈட்டுபவர்களை மட்டும் விடாதீர்கள்.

கேட்டவர் – செய்யாற்றங்கரை

அனைவருக்கும் நன்றி. நான்கு இரவுகள் தேடியதில் பதினொரு நகல்கள் கிடைத்தன; அவற்றில் ஏழு, எழுத்துக்கூட்டலை மாற்றித் தேடியதால் கிடைத்தவை. என்னுடையது என்று நான் எண்ணிய ஒன்று, எனக்கு இடப்புறம் நின்ற வேறொருவர் எடுத்தது என்பதைத் திரைச்சீலையின் கோணத்தைப் பார்த்து உணர்ந்து அதை விட்டுவிட்டேன். மூன்று நகல்கள் ஊர்ப் பிள்ளைகள் வெளியிட்டவை. அவர்களிடம் பேசினேன், இருவர் அன்றே பெயர்களைச் சேர்த்துவிட்டார்கள். எஞ்சிய ஏழுக்கும் சான்றுகளைச் சேர்த்துக் கோரிக்கை அனுப்பியிருக்கிறேன். வரும் ஞாயிறு அன்று பெரியவரின் வீட்டுக்குச் சென்று 38பி பிரிவை அவருக்கு வாசித்துக் காட்டி, கடிதம் எழுத அவருக்கு விருப்பமா என்று கேட்கப் போகிறேன்.