தக்காளி, வெள்ளரியில் நோய் எதிர்ப்பைத் தூண்டச் சாலிசிலிக் அமிலம் போன்றவை அடித்தவர்கள் சொல்லுங்கள்

பாலக்கோடு, தக்காளி:
அடைமழை விட்டால் எங்கள் பக்கம் இலைக்கருகல் தப்பாது. அடி இலையில் பழுப்புப் புள்ளி, அதற்குள் வளையம் வளையமாகக் கோடு, சுற்றிலும் மஞ்சள். அப்படியே மேலே ஏறிவிடும். இந்தப் போகத்தில் நாற்று வேர் பிடித்ததுமே, புள்ளி தெரிவதற்கு முன்னால் சாலிசிலிக் அமிலம் அடித்தேன். லிட்டருக்கு 138 மில்லிகிராம், 15 லிட்டர் டேங்குக்கு ஏறக்குறைய 2 கிராம். பச்சைத் தண்ணீரில் கொட்டினால் சீக்கிரம் கரையாது. கொஞ்சம் ஸ்பிரிட்டில் கரைத்து, அப்புறம் டேங்கில் ஊற்ற வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கச் சில வரிசைகளை விட்டுவைத்தேன். அங்கே அடி இலை கருகிக் கொட்டிவிட்டது. அடித்த வரிசையிலும் புள்ளி வந்தது, ஆனால் மிளகு அளவோடு நின்றது. மேங்கோசெப் பூசணக்கொல்லியை முழுக்க விட முடியவில்லை, அடிக்கிற தடவை குறைந்தது.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் நோய் பாதிச் செடி ஏறின பிறகு இதையே அடித்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதுதான். இந்த அளவில் இது பூசணத்தைக் கொல்கிற மருந்து இல்லை. செடியை உசுப்பிவிடும், அவ்வளவே. பூசணத்தின் செல்சுவரைக் கரைக்கும் கைட்டினேஸ், குளுக்கனேஸ் நொதிகளைச் செடிதான் சுரக்க வேண்டும். அதற்குச் சில நாள் பிடிக்கும்.

ஓசூர், பசுமைக்குடில் வெள்ளரி:
அண்ணா, எனக்குச் சாம்பல் நோய்தான் தலைவலி. உரக்கடையில் வாங்கும் 0:52:34-ஐ (மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் உரம்) இலையில் அடித்துவருகிறேன். அடித்த இலையில் மாவு படிவது குறைந்தது சரி, அதற்குப் பின் விட்ட புது இலையும் கொஞ்ச நாள் சுத்தமாக இருந்தது. இது புதுசு இல்லை. அமெரிக்காவின் கென்டக்கியில் தாவர நோய் ஆய்வாளர் ஜோசப் குச் 1980-களிலேயே வெள்ளரியின் அடி இலையில் பாஸ்பேட் உப்புத் தெளித்து, மேல் இலைகளில் ஆந்த்ராக்னோஸ் என்ற பூசண நோய் குறைவதைக் காட்டிவிட்டார். உரம் என்று வாங்குகிறோம், பாதி வேலை இப்படிச் செடியை உசுப்புவதாகவும் இருக்கலாம்.

ஒட்டன்சத்திரம், மிளகாய்:
காய் அழுகலுக்கு நானும் சாலிசிலிக் பார்த்தேன், பரவாயில்லை. ஆனால் ‘கூட அடித்தால் கூடக் கேட்கும்’ என்று அளவை ஏற்றாதீர்கள். எங்கள் ஊரில் ஒருவர் இரண்டு மடங்கு கலந்து உச்சி வெயிலில் அடித்தார். இலை ஓரமெல்லாம் காய்ந்து, செடி வளராமல் குந்திவிட்டது. எதிர்ப்புக்குச் செடி செலவழிப்பது வளர்ச்சிக்குப் போக வேண்டிய சத்துதானே. நாற்றங்காலிலேயே கொடுத்துப் பார்த்தவர்கள் இருந்தால் என்ன அளவு வைத்தீர்கள் என்று எழுதுங்கள்.