ஏழு சீட்டு காடி வாங்கலாமா? சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்

சுங்கை சிப்புட் அப்பா:
வணக்கம். வீட்டில் ஆறு பேர். நான், மனைவி, மூன்று பிள்ளைகள், அம்மா. இப்போது இருப்பது மைவி, ஐந்து சீட்டுச் சின்னக் காடி. பெரியவன் இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்டான், தோள் அகலமாகிவிட்டது. இனி பின்னால் நெருக்கி உட்கார வைக்க முடியாது. மாமனார் வீடு லிந்தாங் பக்கம் தோட்டத்தில். வாரக் கடைசியில் அங்கே போனால் திரும்பும்போது மாமியாரும் சில சமயம் கூட வருவார், அப்போது ஏழு.

மூன்று காடி மனதில் இருக்கிறது: பெரோடுவா அருஸ், புரோட்டோன் எக்ஸ்90, பழைய ஃபோர்ச்சூனர் டீசல். மச்சான் ஃபோர்ச்சூனர்தான் என்கிறார். மனைவிக்கு எக்ஸ்90 பிடித்துவிட்டது. எனக்கு மாதத் தவணையை நினைத்தால் தூக்கம் வரவில்லை. பிரோஷரில் இருப்பதைப் படித்துவிட்டேன். குடும்பத்தை ஏற்றி ஓட்டியவர்கள் அனுபவத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கமுனிங் டீச்சர்:
தம்பி, முதல்ல அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஷோரூம் போங்க. நீங்க ஓட்டிப் பாக்கறது அப்புறம்.

நாங்க ஏழு சீட்டு வாங்கறப்ப மாமியாரையும் அழைச்சிட்டுப் போனோம். சேல்ஸ்மேன் நடு சீட்டை மடக்கி, "ஏறுங்க ஆன்ட்டி"ன்னார். வலது கால் உள்ளே போச்சு. இடது காலைத் தூக்கறதுக்குப் பிடிமானம் இல்ல. மடக்கின சீட்டுக்கு அடியில இருந்த கம்பியில சேலைக் கரை மாட்டிக்கிச்சு. நான் குனிஞ்சு அதை விடுவிக்க, அவங்க சீட்டு பெல்ட்டைக் கயிறு மாதிரி பிடிச்சுக்கிட்டு ஒரு வழியா பின்னால போய் உக்காந்தாங்க. முட்டி ரெண்டும் நெஞ்சு உயரத்துக்கு வந்துடுச்சு. "காத்து வரலியேம்மா"ன்னு கேட்டாங்க. நிமிர்ந்து பாத்தா ஏர்கோன் துவாரம் நடு வரிசைக்கு மேல மட்டும்தான் இருக்கு. மத்தியானம் ரெண்டு மணி வெயில்ல கடைசி வரிசையில இருக்கறவங்க என்ன ஆவாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

இது ஒரு காடியோட குறை இல்ல. இந்த மாதிரி உயரமான காடிகள்ல பின் சக்கரத்துக்கு மேலதான் கடைசி சீட்டு வரும். தரை மேலே ஏறிடும், சீட்டு தாழ்வா இருக்கும், காலைத் தொங்கப் போட இடம் கிடைக்காது. பிள்ளைங்களுக்குப் பரவாயில்ல. முட்டி வலி இருக்கறவங்களை அங்கே உக்கார வைக்கறது பாவம்.

அதனால எங்க வீட்டுல வயசானவங்க எப்பவும் நடு வரிசையில, ஜன்னல் ஓரம். பிள்ளைங்க கடைசியில. உங்க கடைக்குட்டி சின்னப் பிள்ளைன்னா இன்னொன்னு கவனிங்க. 2020-லிருந்து குழந்தை இருக்கை கட்டாயம். அதை நடு வரிசையில மாட்டிட்டா அந்தப் பக்கச் சீட்டை மடக்க முடியாது. மத்த பிள்ளைங்க எதிர்ப்பக்கமா ஏறணும், அங்கே பாட்டி உக்காந்திருப்பாங்க. ஒவ்வொரு தடவையும் பாட்டி இறங்கி, பிள்ளைங்க ஏறி, பாட்டி திரும்ப ஏறணும். மழையில இது பெரிய கஷ்டம். உங்க குழந்தை இருக்கையையும் ஷோரூமுக்குத் தூக்கிட்டுப் போய் மாட்டிப் பாருங்க, அதுல வெக்கப்பட ஒன்னுமில்ல.

சாமான் விஷயம். ஏழு பேரும் உக்காந்துட்டா பின்னால ஒரு அரிசி மூட்டையும் ரெண்டு பையும் வைக்கத்தான் இடம். தோட்டத்துல இருந்து வரும்போது மாமியார் வாழைத்தார், தேங்காய், கீரைன்னு குடுத்து அனுப்பாம இருப்பாங்களா? பாதி பிள்ளைங்க மடியிலதான் வரும். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் பால்குடத்தோட போறப்ப நாங்க ரெண்டு காடியாத்தான் போறோம். பினாங்கு தண்ணீர்மலைக்கு உறவுக்காரங்க எல்லாரும் சேர்ந்து கிளம்பினா வேன் வாடகைக்கு எடுத்துடுவோம். வருஷத்துல அந்தக் கொஞ்ச நாளுக்காக ஒன்பது வருஷக் கடன்ல பெரிய காடி வாங்கறது எனக்குச் சரியாப் படல.

கேமரன் மலைக்குப் போறதுன்னா தாப்பா பாதை வேணாம், சிம்பாங் பூலாய் வழியா போங்க. வளைவு கம்மி. கடைசி வரிசைப் பிள்ளைங்களுக்குத்தான் முதல்ல வாந்தி வரும்.

போர்மன் (30 வருஷமா ஒர்க்‌ஷாப்):
டீச்சர் உள்ளே உக்கார்றதைச் சொல்லிட்டாங்க. நான் அடியில இருக்கறதைச் சொல்றேன்.

லிந்தாங் பக்கம் தார் ரோடு முடிஞ்சு செம்மண் ரோடு எவ்ளோ தூரம்? அதுதான் கேள்வி. செம்பனைக் குலை ஏத்தற லோரி மழைக்கு அப்புறம் போனா ரெண்டு பக்கமும் பள்ளம் விழுந்து நடுவுல மண்ணு மேடா நிக்கும். அந்த மேட்டுல தாழ்வான காடி வயிறு உரசும். அருஸ் தரையிலிருந்து 220 மில்லிமீட்டர், பெரோடுவாவோட இன்னொரு ஏழு சீட்டு காடி அல்சா 160. இந்த ஆறு சென்டிமீட்டர் தோட்டத்து ரோட்டுல பெரிய விஷயம். ஆனா எஸ்யூவின்னு பேர் இருந்தா நாலு சக்கரமும் இழுக்கும்னு நினைச்சுடாதீங்க. அருஸ் பின் சக்கர இழுவை, எக்ஸ்90 முன் சக்கர இழுவை. சேத்துல மாட்டினா ரெண்டையும் தள்ளித்தான் எடுக்கணும்.

ஃபோர்ச்சூனர் ஹைலக்ஸ் பிக்அப்போட சேசிஸ் மேல கட்டினது. முரட்டு உடம்பு, எங்க வேணாலும் போகும். ஆனா படி உயரம், உங்க அம்மா தினமும் ஏறி இறங்கணும். ரோட் டேக்ஸ் எஞ்சின் சிசி கணக்கு. 2.8 டீசலுக்கு வருஷத்துக்கு ஆயிரம் வெள்ளிக்கு மேல போகும். 1.5-க்கு அதுல சின்னப் பங்குதான். எக்ஸ்90-யும் 1.5 டர்போதான், அதனால உடம்பு பெருசா இருந்தாலும் ரோட் டேக்ஸ் கம்மி. டோல் எதுக்கும் ஒரே கட்டணம், எல்லாமே வகுப்பு 1.

எண்ணெய்க் கணக்கும் பாருங்க. தீபகற்பத்துல 2024 ஜூன் 10-ல டீசல் லிட்டர் 2.15-லிருந்து 3.35 வெள்ளிக்கு ஒரே ராத்திரியில ஏறிச்சு. அன்னிக்கு என் கடைக்கு வந்த டீசல் காடிக்காரங்க முகத்தை நான் பாத்தேன். ரோன்95 பெட்ரோலுக்கு 2025 செப்டம்பர் கடைசியில அரசாங்கத்தோட பூடி95 மானியத் திட்டம் ஆரம்பிச்சப்ப, மைகார்டு (அடையாள அட்டை) வச்சிருக்கற குடிமக்களுக்கு லிட்டர் 1.99, மாசம் 300 லிட்டர் வரைக்கும். குடும்பக் காடிக்கு அது தாராளம். மச்சான் கோவிச்சுக்கக் கூடாது, ஆனா உங்களுக்கு டீசல் வேணாம்னுதான் நான் சொல்வேன்.

டர்போ இல்லாத 1.5-ல ஏழு பேரை ஏத்தினா என்ன ஆகும்னும் தெரிஞ்சுக்கணும். பெரியவங்க ஏழு பேருன்னா ஏறக்குறைய 450 கிலோ. ஹைவேயில மெனோரா சுரங்கத்துக்கு ஏறும்போது எஞ்சின் சத்தம் போடும், வேகம் கூடாது. இடது பக்கமா லோரி பின்னாலயே பொறுமையா ஏறுங்க, காடிக்கு ஒன்னும் ஆகாது. இறக்கத்துலதான் கவனம். பிரேக்கையே மிதிச்சுக்கிட்டு வராதீங்க, கியரை இறக்கிடுங்க. டிரைவர் கதவைத் திறந்தா தூண்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், முழு பாரத்துக்கு டயர் காத்து எவ்ளோன்னு போட்டிருக்கும். அதை யாருமே படிக்கறதில்ல. ஏழு பேரோட வெளியூர் போறதுக்கு முந்தி அந்த அளவுக்குக் காத்து அடிங்க.

கோலகங்சார் ராணி:
நாங்கள் அல்சா. தார் ரோடு மட்டும் என்றால் அதுவே போதும். தாழ்வாக இருப்பதால் அம்மா தானே ஏறி இறங்குகிறார். தோட்டத்துக்குப் போகும்போது மட்டும் வெளியே நிறுத்திவிட்டு அண்ணன் மோட்டார் சைக்கிளில் வந்து கூட்டிப்போவார்.

உங்கள் மனைவி எக்ஸ்90 கேட்கிறார் என்றால் முதலில் வீட்டு போர்ச்சை அளந்து பாருங்கள். நீளம் ஏறக்குறைய 4.83 மீட்டர், அகலம் 1.9 மீட்டர். அருஸ், அல்சா இரண்டும் 4.4 மீட்டர் சொச்சம். எங்கள் தாமானில் ஒருவர் பெரிய காடி வாங்கி, கேட்டைச் சாத்த முடியாமல் கேட்டையே வெளியே தள்ளி மாற்றிக் கட்டினார்.

கடன் கணக்கும் சொல்கிறேன். 100,000 வெள்ளி கடன், சமவட்டி (ஒவ்வொரு ஆண்டும் முழுக் கடன் தொகைக்கும் போடும் வட்டி) 3 விழுக்காடு, ஒன்பது ஆண்டு என்று வையுங்கள். வட்டி மட்டும் 27,000. மாதம் ஏறக்குறைய 1,176. அதையே ஐந்து ஆண்டில் கட்டினால் வட்டி 15,000, ஆனால் மாதம் 1,917 ஆகிவிடும். இன்சூரன்ஸ், சர்வீஸ், நான்கு பெரிய டயர் எல்லாம் இதற்கு மேல்.

சுங்கை சிப்புட் அப்பா:
எல்லாருக்கும் நன்றி. நேற்று மாலை மகனை வைத்து போர்ச்சை அளந்தேன். கேட்டிலிருந்து சுவர் வரை 4.9 மீட்டர். எக்ஸ்90 நுழையும், ஆனால் பின்கதவைத் திறக்க இடம் இருக்காது. மனைவியே டேப்பைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். போர்மன் அண்ணன் சொன்ன டீசல் கணக்கை மச்சானிடம் காட்டினேன், இன்னும் பதில் வரவில்லை.

லிந்தாங் ரோட்டில் தார் முடிந்த பிறகு மாமனார் வீடு வரை செம்மண்தான், மழைக்காலத்தில் மைவியே அங்கே உரசியிருக்கிறது. ஆகவே அல்சா எங்களுக்குச் சரிவராது. ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் குழந்தை இருக்கையையும் கூட்டிக்கொண்டு அருஸ் பார்க்கப் போகிறோம். பழையதாக ஒன்று ஈப்போவில் இருக்கிறது என்கிறார்கள்.

போர்மன்:
பழசுன்னா பணம் குடுக்கறதுக்கு முந்தி என்கிட்ட கொண்டாங்க தம்பி. பேர் மாத்தறதுக்கு பி5 பரிசோதனை எப்படியும் உண்டு, ஆனா அது எஞ்சின் உள்ளே என்ன நிலைமைன்னு சொல்லாது. தூக்கிப் பாத்தா தோட்டத்து ரோட்டுல ஓடினதா, டவுன்ல ஓடினதான்னு அடிவயித்துலயே தெரிஞ்சிடும். திங்கக்கிழமை காலையில வாங்க, ஜேக் காலியா இருக்கும்.