புரோபயாடிக்குக்குத் தமிழ்ல என்ன போடலாம்? வியாழக்கிழமை அச்சுக்குப் போகணும்

[மண்டபம், செவிலியர்]
எல்லாருக்கும் வணக்கம். கடல்ல பாசி எடுக்கப் போற பொம்பளைகளுக்கு நீர்க்கடுப்பு பத்தி ரெண்டு பக்க நோட்டீஸ் போடுறோம். ஆறு மாசத்துல ரெண்டு தடவை, இல்ல வருசத்துல மூணு தடவை வந்தா 'திரும்பத் திரும்ப வர்ற நீர்க்கடுப்பு'ன்னு எழுதியாச்சு. அடுத்த பத்தியிலதான் நிக்குது. புரோபயாடிக் கேப்சூல், அதான் நல்லது செய்யும்னு உயிருள்ள கிருமியை அடைச்சு விக்கிறது, அதை வாங்கி முழுங்குறாக, அது இதைத் தடுக்குமான்னு கேக்குறாக. பதில் எழுதணும்னா முதல்ல அதுக்கு ஒரு பேரு வேணும்.

[திருப்புல்லாணி, தமிழாசிரியர்]
தங்கச்சிக்கு, 'நன்னுண்ணுயிரி' என்று போடுங்கள். நன்மை, நுண்மை இரண்டிலும் ஈறு கெட்டு உயிரியோடு சேர்கிறது. ஆன்டிபயாடிக்கை நுண்ணுயிர் எதிர்ப்பி என்கிறோமே, அதற்கு இணையாக நிற்கும். 'புரோ' லத்தீன், 'பயாஸ்' கிரேக்கம், ரெண்டையும் ஒட்டிச் செய்த சொல்லை நாம ஏன் அப்படியே சுமக்கணும்?

[கீழக்கரை, மருந்துக்கடை]
ஐயா சொல்றது இலக்கணத்துக்குச் சரி, வாய்க்கு வரல. கடையில நின்னு நாலு தடவை சொல்லிப் பாத்தேன், ன்னுவும் ண்ணுவும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுது. நம்ம அடுப்படியிலயே சொல் இருக்கு, உறை. பாலுக்கு உறை ஊத்துறோம்ல, உயிரோட இருக்கிற கிருமியை வேணும்னே துளி விடுறோம், இந்த மாத்திரையும் அதேதானே. 'நல்லுறை'ன்னு வைங்க.

[திருப்புல்லாணி]
உறையா! புறநானூறு 276-ஐ எடுத்துப் பாருங்கள். 'குடப்பால் சில்லுறை போல' என்று வருகிறது. ஆய்மகள் நகத்தால் தெறித்த ஒரு துளி, குடம் பாலையே மாத்திவிடும், அப்படி ஒற்றை ஆள் படை முழுவதுக்கும் நோய் ஆனான் என்கிறது பாட்டு. ஆக அங்கே உறை நோய்க்கு உவமை, மருந்துக்கு அல்ல. பெரும்பாணாற்றுப்படையில் 'உறையமை தீந்தயிர்' என்று இனிப்பாகவும் வருகிறது, அதையும் மறைக்க மாட்டேன். உறைதல் என்றால் தங்குதல், குடலில் தங்குவதால் 'உறைவி' என்றுகூட ஆக்கலாம், மழைத்துளிக்கும் உறை என்று பெயர் உண்டு, அந்த வேர் எங்கே போகிறது என்று தனியா ஒரு மடல் எழுதுகிறேன்.

[மண்டபம்]
ஐயா, காக்கா, ரெண்டு பேரும் கோவிச்சுக்காதீக. உறைங்கிற சொல்லு எனக்கும் புடிச்சுத்தான் இருந்துச்சு. நேத்து சின்னப்பாலத்துல கரையேறி வந்தவுககிட்ட எழுதிக் காட்டினேன். ஒரு பிள்ளை விரல்ல சுத்தின துணியை அவுத்துக்கிட்டே "ஆணுறை மாதிரியாக்கா?"ன்னு கேட்டுச்சு. பக்கத்துல இருந்த அக்கா "அப்ப தயிரையே அங்கன தடவிக்கிறலாமா?"ன்னுச்சு. எனக்குத் திக்குன்னு ஆயிருச்சு. தடவவே கூடாது. பிறப்புறுப்புல தானா குடியிருந்து அமிலம் சுரந்து, குடல்லருந்து வர்ற ஈ.கோலைங்கிற கடுப்புக் கிருமியை அண்ட விடாம வைக்கிற லாக்டோபேசில்லஸ் கிருமி வேற வகை, தயிர்ல இருக்கிறது வேற வகை.

'நன்', 'நல்ல' ரெண்டுமே எனக்கு ஒத்துக்கல. பேருலயே நன்மைன்னு எழுதிட்டா அதை நம்பி ஆஸ்பத்திரிக்கு வராம இருந்துருவாக. 2015-ல, மருத்துவ ஆய்வுகளைச் சேத்து அலசுற காக்ரேன் தொகுப்பு, புரோபயாடிக் பத்தின 9 ஆய்வு, 735 பேரைச் சேத்துப் பாத்துச்சு, பலன்னு காட்ட முடியல, தகவல் கொஞ்சமா இருக்கிறதால பலனே இல்லன்னும் தள்ள முடியலன்னுதான் முடிச்சாக. இதுக்கு எப்படி 'நல்லுறை'ம்போம்?

தண்ணி விசயம் அப்படி இல்ல. 2018-ல வந்த ஆய்வுல, கம்மியாத் தண்ணி குடிக்கிற, மாதவிலக்கு நிக்கிற வயசு இன்னும் வராத 140 பெண்கள்ல பாதிப்பேர் தினம் ஒன்றரை லிட்டர் கூடக் குடிச்சாக, ஒரு வருசத்துல அவுகளுக்குக் கடுப்பு ஏறக்குறைய பாதியாக் குறைஞ்சுச்சு. நம்ம அக்காமாருக பாட்டில்ல அரைப்பாட்டில் தண்ணி அப்படியே திரும்பி வருது. "குடிச்சா ஒண்ணுக்கு வருமேம்மா, தீவுப்பக்கம் எங்க போறது"ன்றாக. நோட்டீஸ்ல பெரிய எழுத்து அதுக்குத்தான் வேணும். காய்ச்சல், முதுகுவலி, மாசமா இருக்கிறவுக, இவுக காத்திருக்கக் கூடாதுன்னு அடுத்த வரி.

[கீழக்கரை]
ஆணுறை எனக்குத் தோணவே இல்லம்மா, கடையில தினம் விக்கிற சாமான்தான். உறையை நான் திரும்ப எடுத்துக்கிறேன், வேணாம். புரோபயாடிக்னே தமிழ் எழுத்துல போடுங்க, கேப்சூல் அட்டையில இருக்கிற பேரும் அதுதான், கொண்டாந்து காட்டுறவுகளுக்கும் அடையாளம் தெரியும். பக்கத்துல 'உயிருள்ள கிருமி அடைச்ச மாத்திரை'ன்னு ஒரு விளக்கம்.

[மண்டபம்]
அப்படியே போடுறேன் காக்கா. இன்னும் மூணு பேரு தனி மடல்ல சரின்னுட்டாக.

[திருப்புல்லாணி]
பெரும்பான்மை அதுவானால் அச்சடியுங்கள். என் மறுப்பு இருக்கட்டும். நாளைக்கு இதே சொல்லைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டி வரும், அப்போது என்ன எழுதுவது? 'நன்' வேண்டாம் என்ற காரணம் நியாயம்தான். 'துணையுயிரி' எப்படி என்று பாருங்கள். 'நீர்க்கடுப்பு'க்குள் இருக்கும் 'கடு' நஞ்சுக்கும் பெயர்...