அறிவு மிஞ்சினால் ஆகாதா? வாத்தியார் ஐயாவுக்கு ஒரு மறுப்பு

ராயபுரத்தான்:
"அறிவு கூடிக் கெட்டவன் இன்னும் பிறக்கவில்லை" என்று வியாசர்பாடி வாத்தியார் ஐயா நேற்றிரவு இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. பிறந்திருக்கிறார் ஐயா, பழைய வண்ணாரப்பேட்டையில் என் மைத்துனராகவே இருக்கிறார். உடம்பில் ஒரு குறையும் இல்லாத அந்த மனிதர், தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று 72 பரிசோதனைகள் அடங்கிய ஃபுல் பாடி செக்கப்புக்கு ரத்தம் கொடுத்தார். மாலையில் வாட்ஸ்அப்பில் வந்த அறிக்கையில் 71 வரிகள் கறுப்பாகவும், தைராய்டுச் சுரப்பியை இயக்கும் ஹார்மோனான டி.எஸ்.எச். என்ற ஒரே ஒரு வரி சிவப்பாகவும் இருந்தன: அளவு 5.1, மேல் எல்லை 4.5. அன்றிரவு விடிய விடியத் தைராய்டைப் பற்றிப் படித்தார். அதன்பின் கண்ணாடி முன் நின்று எச்சிலை விழுங்கி விழுங்கிக் கழுத்தைத் தடவிப் பார்ப்பதே அவருக்கு வேலையாகிவிட்டது. ஆறு வாரம் கழித்து எடுத்த பரிசோதனையில் 3.2 என்று வந்தது. இடையில் தூக்கம் கெட்டு நான்கு கிலோ இளைத்து, அந்த இளைப்பையும் தைராய்டின் கணக்கிலேயே எழுதிக்கொண்டார். இவரைக் கெடுத்தது எது என்று வாத்தியார் ஐயா சொல்லட்டும்.

வியாசர்பாடி வாத்தியார்:
தம்பி, டி.எஸ்.எச். ஏறினால் தைராய்டுச் சுரப்பி மந்தமாகிறது என்று பொருள். அதனால் எடை கூடுமே தவிர இளைக்காது. விடிய விடியப் படித்தவருக்கு இதுகூடத் தெரியவில்லை என்றால், அவரைக் கெடுத்தது அறிவா, அரைகுறையா? அது கிடக்கட்டும். மேல் எல்லை 4.5 என்று எழுதியிருக்கிறீர். என் வீட்டம்மாளின் அறிக்கை இப்போது என் மேசை மேல் இருக்கிறது. அதில் எல்லை 5.5 என்று அச்சிட்டிருக்கிறார்கள். அப்படியானால் 5.1 சிவப்பே அல்ல. உமது வழக்கின் அஸ்திவாரமே இல்லை.

பெரம்பூர் லோகோ:
முதலில் அறிவு எது, தகவல் எது என்று பிரித்துக்கொண்டு பேசலாமே? அந்த எல்லைகளை ஒவ்வொரு லேபும் தன் கருவிக்கு ஏற்ப வைத்துக்கொள்கிறது, ஆகவே 4.5, 5.5 இரண்டுமே சரியாக இருக்கலாம். பெரும்பாலான பரிசோதனைகளில் நலமாக இருப்பவர்களின் அளவுகளை வரிசைப்படுத்தி, நடுவில் உள்ள 95 விழுக்காட்டைத்தான் 'இயல்பு' என்று வைக்கிறார்கள். அதாவது நலமாக உள்ள இருபது பேரில் ஒருவர் வெளியே நிற்பார் என்பது அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இருபது பரிசோதனைகளை ஒரே ஆளுக்குச் செய்தால், இருபதிலும் தப்பிப்பதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 36 விழுக்காடுதான். 72 எடுத்தால் ஒன்றாவது சிவக்காமல் இருந்தால்தான் வியப்பு.

வியாசர்பாடி வாத்தியார்:
இதைத்தானே நானும் சொல்கிறேன்! இந்தக் கணக்கு தெரிந்திருந்தால் அந்த மனிதர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். வள்ளுவர் சொன்ன மணற்கேணியைத் தோண்டத் தோண்ட ஊறும்; பாதியில் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடியவருக்குக் கேணியைக் குறை சொல்ல உரிமை இல்லை. ஆனால் 4.5க்கு இன்னும் பதில் வரவில்லை.

பெரம்பூர் லோகோ:
மீஞ்சூர்ப் பக்கம் தோண்டிப் பாருங்கள் ஐயா, கடல் உள்ளே புகுந்து உப்புத் தண்ணீரும் ஊறும்.

ராயபுரத்தான்:
என் மைத்துனர் ஒருவர் போதாதென்றால் தென்கொரியாவைப் பாருங்கள். அங்கே 1999இல் அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியபின், மருத்துவமனைகள் சொற்பக் கட்டணத்தில் கழுத்து ஸ்கேனையும் சேர்த்துக்கொண்டன. 2011இல் தைராய்டுப் புற்றுநோய் கண்டறியப்பட்ட வீதம் 1993ஐப்போல் பதினைந்து மடங்கு. அந்த நோயால் இறந்தவர்களின் வீதமோ மாறவே இல்லை. கடைசிவரை தொந்தரவே தந்திராத கட்டிகளுக்காகச் சுரப்பியை அறுத்தெடுத்துக்கொண்டு, ஆயுள் முழுக்க மாத்திரை விழுங்குகிறார்கள். அரைகுறையாகப் படித்தவர்கள் அல்லர், மருத்துவர்கள் செய்த வேலை இது.

வியாசர்பாடி வாத்தியார்:
வண்ணாரப்பேட்டையைக் கேட்டால் கொரியாவுக்குக் கப்பலேறுகிறீர். அந்தக் கட்டிகளில் பெரும்பாலானவை ஆபத்தானவை அல்ல என்பதைப் பின்னால் கண்டுபிடித்ததும் அறிவுதான். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: 4.5 என்று எந்தத் தாளில் இருக்கிறது? இராயபுரம் ரயில் நிலையம் 1853இல் திறக்கப்பட்டது என்று இதே இடத்தில் நீர் எழுதி, அது பம்பாய் ரயில் ஓடிய ஆண்டு, நம்முடைய ரயில் ஓடத் தொடங்கியது 1856 ஜூலை 1 என்று நான் திருத்தினேனே, அன்று முதல் உமக்கு என்மேல் புகைச்சல். எண்ணில் கவனம் இல்லாதவர் அறிவைப் பழிக்க வருகிறார்.

ராயபுரத்தான்:
எண்ணைத் திருத்தியதற்காக அல்ல ஐயா, நாற்பது பேர் முன்னிலையில் திருத்திவிட்டு வாலாஜா சாலை வரையிலான நிறுத்தங்களைப் பற்றி மூன்று பக்கம் எழுதினீர்களே, அதற்காகத்தான். அறிவு மிஞ்சினால் ஆகாது என்பதற்கு நான் கொரியா வரை போயிருக்கத் தேவையே இல்லை.

எண்ணூர்க்காரி:
உங்கள் ரயில் சண்டைக்கு நடுவில் ஒரு செய்தி. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோது, கடலுக்கடியில் போகும் குழாயில் என்ன போகிறது என்றே எங்களில் பலருக்குத் தெரியாது. கண் எரிந்தது, நெஞ்சு அடைத்தது, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினோம். அமோனியா தண்ணீரில் சட்டென்று கரையும், ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடினால் ஓரளவு தாங்கலாம் என்பதை நான் அறிந்தது மறுவாரம்தான். தெரியாமல் இருந்ததால் பட்டவர்கள் நாங்கள்.

வியாசர்பாடி வாத்தியார்:
கேளுங்கள் ராயபுரத்தாரே! அம்மா என் தரப்பை இரண்டே வரியில் நிறுவிவிட்டார்.

எண்ணூர்க்காரி:
உங்களுக்குச் சாட்சி சொல்ல நான் வரவில்லை ஐயா. அதன்பின் எந்த வாயு என்ன செய்யும் என்று தேடித் தேடிப் படித்ததில், இன்று பக்கத்து வீட்டில் பினாயில் ஊற்றினாலும் இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். பக்கெட்டில் தண்ணீரும் துண்டும் தலைமாட்டிலேயே இருக்கின்றன. இதை நன்மை என்பீர்களா, தீங்கு என்பீர்களா என்று எனக்கே புரியவில்லை. படித்ததை மறக்கச் சொன்னால் மட்டும் மறக்க மாட்டேன்.

பெரம்பூர் லோகோ:
மரபணுச் சுருளின் வடிவத்தை 1953இல் கண்டு சொன்ன இருவரில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சன், 2007இல் தம் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து வெளியிட ஒப்புக்கொண்டார். ஆனால் அல்சைமர் நோயோடு தொடர்புள்ள ஒரு மரபணுவை மட்டும் தமக்கே காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவருடைய பாட்டிக்கு அந்த நோய் இருந்தது. அவரையும் அரைகுறை என்பீர்களா?

வியாசர்பாடி வாத்தியார்:
அவர் அறியவே இல்லையே! அறியாதவரைக் கொண்டுவந்து, அறிந்ததால் கெட்டவர் என்று எப்படிக் காட்டுவீர்? அறிந்து கெட்ட ஓர் ஆளைக் காட்டச் சொன்னேன். காட்டிய ஒரே ஆளும் 4.5 என்ற எண்ணின் மேல் நிற்கிறார். டி.எஸ்.எச். ஒரே நாளிலேயே ஏறி இறங்கும், இரவில் கூடும், பிற்பகலில் குறையும். எத்தனை மணிக்கு ரத்தம் எடுத்தார்கள் என்பதையும் ராயபுரத்தார் சொல்லவில்லை. அறிக்கையின் முதல் பக்கத்தையாவது இங்கே போடுங்கள்.

ராயபுரத்தான்:
போட முடியாது. இந்த விவாதத்தை யாரோ மைத்துனருக்கு அனுப்பிவிட்டார்கள். முழுவதும் படித்துவிட்டு, 'இரவில் கூடும் என்று வாத்தியார் எழுதியிருக்கிறாரே, அப்படியானால் பகலில் வந்த 3.2ஐ எப்படி நம்புவது' என்று இப்போதுதான் போன் செய்தார். நாளை காலை ஆறரை மணிக்கு மூன்றாவது முறையாக ரத்தம் கொடுக்கிறார். திருப்திதானே ஐயா?

வியாசர்பாடி வாத்தியார்:
எந்த லேப்? மேல் எல்லை 4.5ஆ, 5.5ஆ என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள்.